உன்ர ஊர்ப் பேர் கொண்ட தீவில மலை ஏறின கதை

என்ர செல்ல மோளுக்கு,

படம் மட்டும் அனுப்பினால் காணாது அப்பா, கதையைச் சொல்லுங்கோ எண்டு வாய்ஸ் போட்டிருந்தாய். நானும் வாய்ஸிலயே சொல்லுவம் எண்டு தொடங்கினால் அம்மா பக்கத்தில இருந்து அது அப்பிடி இல்லை இது இப்பிடி இல்லை எண்டு திருத்திக்கொண்டே இருப்பா, அவ காலே வைக்காத தீவைப் பற்றி. அதால ரைப் பண்ணுறன். நீளமாத்தான் வரும், ட்ராமில போகேக்கை கொஞ்சம் கொஞ்சமா வாசி.

மெல்பேர்ணில நீ ட்ராமால இறங்கிற இடத்தில சென்ற் கில்டா எண்டு போர்ட் தொங்குதெல்லோ, அந்தப் பேர் உங்க வந்தது லேடி ஒஃப் சென்ற் கில்டா எண்ட ஒரு பாய்க்கப்பலால, 1841, 42 அளவில அது உங்கட கரையில வந்து கிடந்ததாம். அந்தக் கப்பலுக்குப் பேர் குடுத்தது நான் போன இந்தத் தீவு. உனக்கு அந்தப் பேர் எண்டால் கடற்கரை, கேக் கடை, இருட்டுற நேரம் பென்குயின் கரையேறுற அணை. நான் பார்த்த சென்ற் கில்டாவில கேக்கும் இல்லை ஒரு மரமும் இல்லை. மரமே இல்லாத தீவு, வடிவா யோசிச்சுப் பார், ஒரு பற்றைக்குப் பின்னால போய் ஒண்டுக்கு இருக்கக்கூட ஏலாது.

இடம் எங்க எண்டால், ஸ்கொட்லாந்துக்கு மேற்கால ஹெப்ரிடீஸ் தீவுகள் இருக்கெல்லோ, அதையும் தாண்டி அத்திலாந்திக் கடலுக்குள்ள இன்னும் 64 கிலோமீற்றர். நாங்கள் கிளாஸ்கோவில இருந்து ஸ்கை எண்ட தீவு வரைக்கும் காரில போய், அங்கயிருந்து பெரிய ஃபெரியில ஹரிஸ் தீவுக்குப் போய், ஹரிஸின்ர தெற்கு முனையில லெவர்பரோ எண்ட துறையில ரூம் எடுத்தம். போனது ஆர் எண்டு கேட்டாய், நானும் பக்கத்து வீட்டு ஸ்கொட்லாந்துக் கிழவரும்தான் தீவுக்கு, அம்மா லெவர்பரோவோட சரி, கடல் எண்டால் அவவுக்கு வயித்தைப் பிரட்டும், அவ ட்வீட் எண்ட கம்பளித் துணி நெய்யிற இடங்களைப் பார்க்கப் போட்டா. எனக்கு அதில கொஞ்சம் பயம்தான், அவவின்ர கையில கார்ட்.

போட் சின்னன், 12 பேர்தான் ஏத்துவினம். புக் பண்ணேக்கையே சொல்லிப்போடுவினம், குறிச்ச நாள் காலநிலை சரியில்லை எண்டால் அடுத்த நாள், அதுக்காக அடுத்த நாளையும் வெறுமையா வைச்சிருங்கோ எண்டு. எங்களுக்கு முதல் நாளே சரிவந்தது. வெள்ளன எட்டு மணிக்கு வெளிக்கிட்டு ரெண்டரை மூண்டு மணித்தியாலம், ஹெப்ரிடீஸின்ர மறைப்பு முடிஞ்ச உடன அத்திலாந்திக் அலை வந்து அடியில பிடிச்சுது பார், ஒவ்வொருத்தரா பையைத் தேடத் தொடங்கிச்சினம். நான் நெடுந்தீவான் மோள், குறிகட்டுவானில இருந்து குமுதினிப் படகில வாடைக்காத்துக்கை போய் வந்த வயிறு இது, எல்லாரும் சத்தி எடுக்க எடுக்க நான் இருந்து பாண் சாப்பிட்டனான். கிழவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

இந்தத் தீவுக் கூட்டத்தில பெரியது ஹிர்ட்டா. பக்கத்தில டூன், சோவாய், கொஞ்சம் தள்ளி போரரே. ஹிர்ட்டாவின்ர உச்சி கொனஹேர், 430 மீற்றர். 430 எண்டால் என்ன பெரிய மலையோ எண்டு நீ கேப்பாய், உன்ர அண்ணாவும் அதைத்தான் கேட்டவன். இஞ்ச பென் நெவிஸே 1,345. ஆனா மோள், கொனஹேரின்ர வடக்குப் பக்கம் சரிவே இல்லை, உச்சிக்குக் கிட்ட இருந்து நேரா கடல், பிரித்தானியாவிலயே உயரமான கடல் மலைமுகம் அதுதான். பிறந்து வளந்தது ஒரு மேடு கூட இல்லாத தட்டைத் தீவில, பனைமரம்தான் எங்கட ஊரின்ர உயரம், எனக்கு அது காணும்.

வில்லேஜ் பே எண்ட குடாவுக்கை போட் நிண்டுது, ரப்பர் டிங்கியில கரைக்கு ஏத்தினவை. தீவைப் பராமரிக்கிற நஷனல் ட்ரஸ்டின்ர ரேஞ்சர் பிள்ளை ஒண்டு வந்து, உன்ர வயசுதான் இருக்கும், முதல் கேட்டது பைக்குள்ள எலி கிலி இருக்கோ எண்டு. பகிடி இல்லை, உண்மையாவே கேட்டவ. கப்பல் எலி ஒரு சோடி இறங்கினாலே நிலத்தில பொந்துக்கை முட்டை இடுற பறவையள் எல்லாம் முடிஞ்சுது. பிறகு மலை விளிம்புக்குக் கிட்டப் போகாதேங்கோ, வேலி கிடையாது, புல்லு வழுக்கும் எண்டு சொல்லிப்போட்டு, முகில் இறங்கப் போகுது மேல போறவை முதல் போங்கோ, ஊரைப் பிறகு பாருங்கோ எண்டா.

படத்தில வராத ஒண்டைச் சொல்லுறன். கரையில இறங்கினதும் முதல் கண்ணில படுறது ராணுவக் கட்டடம். 1957 இல ராணுவம் இஞ்ச வந்தது, ஹெப்ரிடீஸில ஏவுகணை விட்டுப் பார்க்கிற இடத்துக்கு ரேடார் இந்தத் தீவின்ர மலையிலதான். ஜெனரேற்றர் சத்தம் ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருக்கு. படம் எடுக்கிற எல்லாரும் அதை வெட்டிப்போட்டுத்தான் எடுக்கினம், நானும் அப்பிடித்தான் எடுத்தனான்.

ஊருக்குப் பின்னால சுடலை, வட்டமா மதில் கட்டினது, அதைத் தாண்டினால் ஏத்தம். பாதை எண்டு ஒண்டும் இல்லை, ஆடு மேய்ஞ்ச கட்டைப் புல்லு, ஈரம். ஏத்தம் முழுக்க கிளீற் எண்டுற கல்லுக் கொட்டில்கள். கல்லுக்குக் கல்லு இடைவெளி விட்டு, சாந்து இல்லாமல் அடுக்கின சுவர், மேல பெரிய தட்டைக்கல்லுகள், அதுக்கு மேல புல்லோட மண். மழை உள்ளுக்கை வராது, காத்து மட்டும் ஊடுபோகும். ஹிர்ட்டாவில மட்டும் 1,200க்கு மேல நிக்குது. எங்கட ஊரில பவளக்கல்லை சீமெந்து இல்லாமல் அடுக்கி வேலி கட்டியிருக்கிறதை நீ சின்னனில பார்த்தனீ, அப்பு கட்டின வேலி புயலுக்கும் அசையேல்ல, அதே கைவேலைதான் இது, அங்க கல்லு வெள்ளை இஞ்ச கறுப்பு. ஒண்டுக்கை குனிஞ்சு போய்ப் பார்த்தனான். இறைச்சி, முட்டை, வைக்கல், எரிக்கிற பீற் கட்டி எல்லாம் இதுக்கைதான் காயவைச்சவை. உப்பு அரிதான இடத்தில காத்தை வைச்சே கருவாடு போட்டிருக்கினம். இப்ப ஆடுகள் மழைக்கு ஒதுங்குது, உள்ளுக்கை புழுக்கை அடி உயரத்துக்கு.

இறைச்சி எண்டது மீன் இல்லை, பறவை. இதுதான் எனக்கு முதல் விளங்கேல்ல. நாலு பக்கமும் கடல், மீன் நிறைஞ்ச கடல், ஆனா இந்தச் சனம் சாப்பிட்டது பறவையை. கடலைப் பார்த்த பிறகு விளங்கிச்சு. ஒரு சின்னக் குடாவைத் தவிர போட் இறக்க இடமில்லை, அந்தக் குடாவும் தென்கிழக்குக் காத்துக்கு வாயைத் திறந்துகொண்டு கிடக்கு, இறக்கின போட்டைத் திரும்ப ஏத்தலாம் எண்டு ஒருத்தரும் உறுதி சொல்ல ஏலாது. கயிறு கட்டி மலைமுகத்தில இறங்கிறது அதைவிடப் பயமில்லாத வேலை எண்டு நினைச்சிருக்கினம் எண்டால் கடல் எப்பிடி இருந்திருக்கும் எண்டு பார்.

அந்த மலைமுகத்தை நான் பார்த்தது த கேப் எண்ட இடத்தில. கொனஹேருக்கும் ஒய்சவல் எண்ட மற்ற மலைக்கும் நடுவில ஒரு பள்ளம், புல்லில மூச்சு வாங்கி வாங்கி ஏறி வாறம், மேல வானம்தான் தெரியுது, இன்னும் ஒரு பத்தடி எண்டு வைக்கிறன், நிலம் இல்லை. பத்தடிக்கு முன்னால நிலம் முடிஞ்சுபோச்சு. கீழ இருந்து காத்து மேல அடிக்குது, காத்தோட பறவைப் பீ மணம், மூக்கைப் பொத்தினாலும் போகாது, அந்தக் காத்தில ஃபுல்மார் எண்ட சாம்பல் நிறப் பறவை செட்டையை அடிக்காமலே எங்கட முகத்துக்கு நேரா வந்து நிண்டு பார்த்திட்டுப் போகுது. நான் முழங்காலில இருந்து, பிறகு வயித்தில படுத்து எட்டிப் பார்த்தனான், அம்மாவுக்குச் சொல்லாத. வெள்ளைப் புள்ளி புள்ளியா எல்லாக் கல்லுத் தட்டிலயும் பறவை, அடியில அலை அடிக்கிறது தெரியுது, சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் மேல வருது. இந்த முகத்தில வெறுங்காலோட, பரம்பரை பரம்பரையாக் குடுத்து வந்த கயிறில, ஆம்பிளையள் இறங்கினவை. ஃபுல்மார் குஞ்சு பயந்தால் வாயால நாத்த எண்ணெயைத் துப்பும், அந்த எண்ணெயும் வீணில்லை, விளக்குக்கும் மருந்துக்கும் அதுதான், வாடகையும் அதுதான். தீவு மக்லவுட் எண்ட நிலச்சொந்தக்காரருக்கு, வருசத்துக்கு ஒருக்கா அவற்ற ஆள் வந்து இறகு, எண்ணெய், நெய்த துணி எல்லாம் எடுத்துக்கொண்டு போவான், காசு எண்டு ஒண்டு தீவில கனகாலம் ஓடவே இல்லை.

அங்கயே இருந்து பாணும் இடிச்ச சம்பலும் சாப்பிட்டம். கிழவர் சம்பல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு மூக்கால தண்ணி ஓட ஓட இன்னும் கொஞ்சம் எண்டார்.

முன்னால கடலுக்குள்ள போரரேயும் அதுக்குப் பக்கத்தில ரெண்டு கல்லுத் தூணும். பெரிய தூண் ஸ்ராக் அன் ஆர்மின், 196 மீற்றர், கடலுக்குள்ள இருந்து நேரா எழும்பி நிக்குது. மேல எல்லாம் வெள்ளை, பனி எண்டு நினைச்சால் கனற் எண்ட பெரிய கடல் பறவை, 2013 இல எண்ணேக்கை அந்தப் பக்கத்தில மட்டும் 60,000 சோடி அளவில இருந்ததாம். அந்தத் தூணின்ர கதையைக் கேள். 1727 ஓகஸ்டில மூண்டு ஆம்பிளையளையும் எட்டுப் பெடியளையும் பறவை பிடிக்க எண்டு அங்க இறக்கிப்போட்டு போட் திரும்பிப் போனது. திரும்ப ஏத்த ஒருத்தரும் வரேல்ல. ஹரிஸில செத்த ஒரு ஆளின்ர உடுப்பைத் தீவுக்குக் கொண்டுவந்ததில பெரியம்மை பரவி ஊரே விழுந்துபோச்சு, போட் வலிக்க ஆளில்லை. அந்தப் பதினொரு பேரும் மழைக்கையும் காத்துக்கையும் கல்லிடுக்கில இருந்து பறவையும் முட்டையும் திண்டு அடுத்த வருசம் மே மாதம் வரைக்கும் சீவிச்சினம், பதினொரு பேரும் உயிரோட. வந்து பார்த்தால் ஊரில மிஞ்சினது ஒரு பெரியாளும் 18 பிள்ளையளும். அந்தப் பெடியளில ஒருத்தன் கரையைப் பார்த்துக்கொண்டு என்னத்தை நினைச்சிருப்பான், அப்பா மறந்துபோனார் எண்டு கோவிச்சிருப்பானோ.

உச்சி பற்றிப் பெரிசா எழுத ஒண்டுமில்லை. கேப்பில இருந்து வலப்பக்கம் விளிம்பை வைச்சுக்கொண்டு, ஆனா நல்லாத் தள்ளி, செங்குத்தா ஏத்தம், பொங்ஸி எண்டுற மண்ணிறப் பெரிய பறவை ரெண்டு எங்கட தலையைக் குறி வைச்சுக் கொத்த வந்தது, கிழவர் கைத்தடியைத் தலைக்கு மேல பிடிக்கச் சொன்னார், அது உயரமா இருக்கிறதைத்தானாம் கொத்தும். முந்தி இன்னும் கனக்க இருந்ததாம், 2021, 22 இல பறவைக் காய்ச்சல் வந்து வாரிக்கொண்டு போட்டுது. மேல போகேக்கை முகில் மூடிச்சு. கல்லுக் குவியல் ஒண்டு, அதைத் தொட்டம், படம் எடுத்தம், படத்தில வெள்ளைச் சுவருக்கு முன்னால நிக்கிற மாதிரி ரெண்டு கிழவர். இவ்வளவு தூரம் வந்து உச்சியில ஒண்டும் தெரியேல்லையே எண்டு நீ கவலைப்படாத, எனக்குக் கேப் காணும், உச்சி சும்மா கணக்குக்கு. கொஞ்சம் கீழ புல்லுக்கை விமானத்தின்ர துண்டுகள் கிடக்கு, 1943 ஜூனில ஒரு போர் விமானம் இந்த மலையில மோதினது, அலுமினியம் இன்னும் கறள் பிடிக்காமல் மினுங்குது.

இறங்கினது மற்றப் பக்கத்தால, முல்லக் மோர் எண்ட மேட்டில ரேடார் நிக்குது, அங்கயிருந்து ராணுவம் போட்ட கொங்கிறீற் ரோட் ஊர் வரைக்கும். வடிவில்லாத ரோட், ஆனா பஸ் ஓடித் தேஞ்ச என்ர முழங்கால் அந்த ராணுவத்துக்கு நன்றி சொன்னது.

வழியெல்லாம் சோவாய் ஆடு. சின்னன், மண்ணிறம், கொம்பு சுருண்டது. ஆரும் வளக்கிறதில்லை, மயிர் வெட்டிறதில்லை, தானா உதிர்ந்து கல்லில கொழுவிக் கிடக்கு. ஆக்கள் போன பிறகு 1932 இல பக்கத்துத் தீவில இருந்து 107 ஆட்டைக் கொண்டுவந்து விட்டவை, அதின்ர சந்ததிதான் முழுக்க. சில மாரிக்கு நூற்றுக்கணக்கில சாகும், பிறகு திரும்பப் பெருகும், விஞ்ஞானியள் 1985 இல இருந்து ஊர்ப் பக்கத்து ஆடுகளின்ர காதில நம்பர் குத்தி எழுதிக்கொண்டிருக்கினம்.

இனி ஊர். ஒரே ஒரு தெரு, குடாவைப் பார்த்து வளைஞ்ச மாதிரி, 16 வீடு, 1860களில கட்டினது, நடுவில நடுவில அதுக்கும் முந்தின கறுப்புக் கல்லு வீடுகள். சிலதுக்குக் கூரை போட்டுத் திருத்தியிருக்கு, மற்றதெல்லாம் சுவர் மட்டும். அடுப்படி இருந்த இடத்தில ஒவ்வொண்டிலயும் ஒரு சிலேற் பலகை, அந்த வீட்டில கடைசியா இருந்தவையின்ர பேர். வாசலில நிண்டு பேரை வாசிச்சு வாசிச்சு நடந்தன். கில்லிஸ், மக்கினன், மக்டொனால்ட், ஃபேர்குசன், நாலஞ்சு பேரையே எல்லாரும் பங்கு போட்டிருக்கினம், எங்கட ஊரில கந்தையா நாகலிங்கம் எண்டு இருந்த மாதிரித்தான்.

இந்தத் தெருவிலதான் அவையின்ர பார்லிமெண்ட். ஒவ்வொரு நாளும் விடிய ஆம்பிளையள் எல்லாரும் தெருவில வந்து நிண்டு இண்டைக்கு என்ன வேலை, கடலோ கயிறோ ஆடோ எண்டு கதைச்சு முடிவெடுப்பினமாம். தலைவர் கிடையாது, சட்டம் கிடையாது. சில நாள் கதைச்சுக் கதைச்சே பொழுது போயிடும், வேலை நடக்காது. பழைய போட்டோ இருக்கு, தாடி வைச்ச ஆக்கள் ரெண்டு வரிசையா மதிலோட. வெளியில இருந்து வந்தவை சோம்பேறிக் கூட்டம் எண்டு எழுதி வைச்சிருக்கினம். எனக்கு அப்பிடித் தெரியேல்ல. பிழையான நாளில கயிறில இறங்கினால் ஒரு குடும்பம் போச்சு, அதை எல்லாரும் சேர்ந்து நிண்டு கதைக்காமல் என்னெண்டு முடிவெடுக்கிறது.

காலநிலை கஷ்டம், சாப்பாடு கஷ்டம், அதாலதான் விட்டிட்டுப் போச்சினம் எண்டு நான் முந்தி நினைச்சிருந்தன். கஷ்டம் நூற்றாண்டுக் கணக்கா இருந்ததுதானே. பத்தொன்பதாம் நூற்றாண்டில பிறந்த பிள்ளையள் பாதிக்கு மேல பிறந்து கொஞ்ச நாளிலயே ஏற்புவலியில செத்துப்போச்சுதுகள், எட்டு நாள் வருத்தம் எண்டு சொல்லுவினம், தாய்மார் பிள்ளைத் துணி தைக்கவே யோசிச்சிருப்பினம். 1890களில அங்கஸ் ஃபிடிஸ் எண்ட பாதிரியார் இஞ்ச கிளாஸ்கோவுக்கு வந்து பிள்ளைப்பேறு பார்க்கிற சுத்தமான முறையைப் படிச்சுக்கொண்டு போய்த்தான் அதை நிப்பாட்டினவர். அவ்வளவு செத்தும் ஊர் நிண்டது. ஊரை அசைச்சது போனவைதான். 1852 இல 36 பேர் உங்கட விக்ரோரியா மாநிலத்துக்கு எண்டு கப்பல் ஏறிச்சினம், கடலில சின்னமுத்து பரவி அதில அரைவாசிப்பேர் அளவில கரை காணேல்ல. பிறகு கொஞ்சம் கொஞ்சமா, கிளாஸ்கோவில வேலை எண்டு ஒருத்தன், அக்காவைப் பார்க்க எண்டு இன்னொருத்தன். இளம் பெடியள் போகப் போக போட் வலிக்க, கயிறு பிடிக்க கை காணாமல் வந்திட்டுது. 1930 தொடக்கத்தில ஒரு இளம் தாய் கிளாஸ்கோ ஆஸ்பத்திரியில செத்தது கடைசிக் கல்லு. அந்த மே மாதம் அவையளே அரசாங்கத்துக்கு எழுதிக் கையெழுத்து வைச்சினம், எங்களை இந்த வருசமே இஞ்சயிருந்து எடுங்கோ, வீடும் வேலையும் தாங்கோ எண்டு.

எழுத வைச்சதில வில்லியமினா பார்க்ளே எண்ட நர்ஸுக்குப் பெரிய பங்கு. தீவில வேலைக்கு வந்தவ, வீடு வீடாப் போய், இனி ஏலாது, மாரிக்கு என்ன செய்வியள், ஒரு வருத்தம் வந்தால் ஆர் பார்க்கிறது எண்டு கதைச்சிருப்பா. அதை வாசிச்ச இடத்தில நான் சிரிச்சனான், கிழவர் என்ன எண்டு கேட்டார், என்ர மகளும் இதே கேள்விதான் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை கேக்கிறவள் எண்டன்.

1930 ஓகஸ்ட் 29, ஹெயர்பெல் எண்ட கடற்படைக் கப்பல். ஏறினது 36 பேர், அவுஸ்திரேலியாவுக்குப் போன அதே கணக்கு. ஆடு மாடு முதலே வேற கப்பலில போட்டுது. நாயளைக் கொண்டுபோக விடேல்ல, கல்லைக் கட்டிக் குடாவுக்கை தாட்டவை, அதை எழுதவே எனக்கு விருப்பமில்லை. விடிய எழும்பி வீட்டைக் கூட்டி, ஒவ்வொரு வீட்டிலயும் ஒரு பைபிளும் ஒரு சின்னக் குவியல் ஓட்ஸ் தானியமும் வைச்சு, கதவைப் பூட்டிப்போட்டுப் போச்சினம். நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிட்ட அண்டைக்கு அம்மம்மா குத்துவிளக்கைக் கழுவிக் கவிழ்த்து வைச்சிட்டு வந்தவ, வழி முழுக்க திரியை எடுத்தனானோ எண்டு கேட்டுக்கொண்டு வந்தவ, உனக்கு அப்ப ஒண்டரை வயசு. சரி அதை விடு. அந்த வீடுகளில ஆக்களோட மட்டும் சீவிச்ச ஒரு வகைச் சுண்டெலி இருந்ததாம், உலகத்தில வேற எங்கயும் இல்லாத வகை, ஆக்கள் போய்க் கொஞ்சக் காலத்திலயே அழிஞ்சுபோச்சு. வயல் எலி இன்னும் இருக்கு.

போன இடத்தில கன ஆம்பிளையளுக்குக் குடுத்த வேலை என்ன தெரியுமோ, காட்டு இலாகாவில மரம் நடுறது. மரத்தையே காணாத சனத்துக்கு. எல்லாரையும் ஒரு தெருவில வைக்கவும் இல்லை, அங்க ஒரு வீடு இஞ்ச ஒரு வீடு. கொஞ்சப்பேர் வெயில் காலத்தில திரும்பி வந்து தங்கிப்போட்டுப் போறவையாம். கடைசியா இருந்தவ, எட்டு வயசில கப்பல் ஏறின பிள்ளை, 2016 இல 93 வயசில செத்தவ.

நர்ஸ் சொன்னது பிழை எண்டு நான் சொல்ல வரேல்ல, ஆஸ்பத்திரி வேணும்தான், எங்களை உங்க வந்து இருக்கச் சொல்லி நீ சொல்லுறதிலயும் பிழை இல்லை. குளிர், அம்மாவின்ர மூட்டு, அண்ணா லண்டனில, எங்கட சனம் கன பேர் தெற்குப் பக்கம் போட்டினம், எல்லாம் சரி. அம்மா ஓம் எண்டு சொல்லிப்போட்டா எண்டும் எனக்குத் தெரியும், நீங்கள் ரெண்டு பேரும் குசினியில நிண்டு கதைக்கிறது எனக்குக் கேக்கும். ஆனா மோள், உங்க வந்தால் எனக்கு என்ன ரூம் தருவாய், பின்னால தோட்டம் எவ்வளவு எண்டெல்லாம் நீ சொல்லுறாய், அது இல்லை என்ர யோசனை. எனக்கு இஞ்ச ஒரு பார்லிமெண்ட் இருக்கு. விடிய பத்து மணிக்கு லைப்ரரி வாசல் வாங்கில, இந்தக் கிழவர், ஒரு பாகிஸ்தான்காரர், முந்தி என்னோட பஸ் ஓடின ரெண்டு பேர், ஒரு போலந்துக்காரர், ஒரு முடிவும் எடுக்கிறதில்லை, மழை வருமோ வராதோ, ஆர் ஆஸ்பத்திரியில, கவுன்சில் குப்பை எடுக்கேல்ல, இவ்வளவும்தான். ஒருத்தர் ரெண்டு நாள் வரேல்ல எண்டால் மற்றவை போய்க் கதவைத் தட்டுவினம். அதை நான் எந்தச் சூட்கேஸுக்கை வைச்சுக் கொண்டு வாறது சொல்லு. அம்மாவுக்கு உன்னட்டை வந்தால் நீ இருக்கிறாய், பேரப்பிள்ளை இருக்கு, எனக்கும் அது தெரியும், அதால நான் மாட்டன் எண்டு சொல்லேல்ல. கையெழுத்து நான் வைக்கிற நேரம் வைப்பன், அவ்வளவுதான்.

திரும்பி வரேக்கை போட் போரரேயைச் சுத்தி, தூண்களுக்கு அடியால போனது, கழுத்து நோகுமட்டும் அண்ணாந்து பார்த்தம், கனற் எச்சம் கிழவரின்ர தொப்பியில விழுந்தது, எல்லாருக்கும் அப்பதான் சிரிப்பு வந்தது. இருட்ட முதல் லெவர்பரோ. அம்மா கரையில நிண்டா, கையில மூண்டு பை. நான் பயந்தது சரி.

இனி விசயத்துக்கு வாறன். டிசெம்பர் நடுவில இருந்து பெப்ரவரி கடைசி மட்டும் வாறம், திரும்பி வாற ரிக்கற்றும் சேர்த்துத்தான் போடப்போறன், அதில நீ சண்டை பிடிக்காத. அதுக்கு முதல் நீ ஒண்டு செய், ஒரு லீவு நாளில, சனி ஞாயிறில்லை, கிழமை நாளில லீவு எடுத்து, விடிய பத்து மணிக்கு உங்கட தெருவில இறங்கி நட. லைப்ரரி, கடை வாசல், பார்க் வாங்கு, எங்கயாவது கிழடுகள் இருந்து கதைக்குதுகளோ எண்டு பார். என்ன பாஷை எண்டாலும் பறவாயில்லை. பார்த்து எழுது, படம் மட்டும் அனுப்பினால் காணாது. அம்மா மருமேனுக்கு ட்வீட் கோட் தைக்கத் துணி எடுத்து வைச்சிருக்கிறா, உங்கட வெக்கைக்கு அதை எப்ப போடுறது எண்டு நான் கேட்டனான், அவ கேக்கேல்ல, தோள் அளவும் கை நீளமும் இந்தக் கிழமைக்குள்ள அனுப்பட்டாம்.

அப்பா